காட்டுக்கு விலை கேட்பவர்கள் "மாட்டேன்" என்ற பதிலையும் எழுதிக்கொள்ள வேண்டும்

தமிழில் மறுப்பதற்கு ஒரே ஒரு சொல் இல்லை. "இல்லை" என்றால் கையில் காசு இல்லை என்று பொருள். "வேண்டாம்" என்றால் அந்தச் சரக்கு தேவையில்லை என்று பொருள். "மாட்டேன்" என்றால் காசும் இருக்கலாம், சரக்கும் தேவைப்படலாம். ஆனால் கேட்கிற விதம் நியாயமில்லை, ஆகையால் தரமுடியாது என்று பொருள். தாராவி கடைத்தெருவில் கூடை வைத்துக் கீரை விற்கும் அம்மாளுக்குக் கூட இந்த மூன்றுக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். ஆனால் காட்டுக்கும் ஏரிக்கும் காற்றுக்கும் விலை மதிப்பிடப் புறப்பட்டிருக்கும் பொருளாதார நிபுணர்களின் கேள்வித்தாளில் மூன்றும் ஒரே கட்டத்தில் பூஜ்யமாக விழுகின்றன. பிறகு அந்தப் பூஜ்யங்களில் ஒரு பகுதியை "எதிர்ப்பு விடைகள்" என்று பெயரிட்டுக் கணக்கிலிருந்தே நீக்கிவிடுவதும் வழக்கமாக இருக்கிறது.

இது ஏதோ பல்கலைக்கழகத்து விவகாரம், மாதச் சம்பளக்காரனுக்கும் தினக்கூலிக்காரனுக்கும் இதில் என்ன வேலை என்று தோன்றலாம். வேலை இருக்கிறது. எந்த இடத்தில் ரோடு போடலாம், எந்தக் காட்டை வெட்டலாம், எந்தக் குடிசையைப் பிரிக்கலாம் என்று முடிவு செய்யும் கோப்புகளில் இந்த எண்கள் மெல்ல மெல்ல நுழைந்துகொண்டிருக்கின்றன.

விலை எப்படிக் கேட்கிறார்கள்?

அரிசிக்குச் சந்தையில் விலை இருக்கிறது. மரத்தை வெட்டி விற்றால் கட்டைக்கும் விலை இருக்கிறது. ஆனால் வெட்டாமல் நிற்கும் மரத்துக்கு, அது தரும் நிழலுக்கு, அதிலிருக்கும் பறவைக்கு எந்தச் சந்தையிலும் விலை இல்லை. விலை இல்லாததால் அரசாங்கத்தின் வரவு செலவுக் கணக்கில் அதன் மதிப்பு பூஜ்யம் ஆகிவிடுகிறது. இந்தக் குறையைத் தீர்க்க ஒரு முறை கண்டுபிடித்தார்கள். ஜனங்களிடமே நேரில் போய், "இந்தக் காடு இப்படியே இருப்பதற்கு நீங்கள் எவ்வளவு தருவீர்கள்?" என்று கேட்பதுதான் அந்த முறை. உண்மையில் பணம் வசூலிப்பதில்லை. சந்தை ஒன்று இருப்பதாகக் கற்பனை செய்யச் சொல்லி, பதிலை வாங்கிச் சராசரி போடுகிறார்கள்.

1963ல் ராபர்ட் டேவிஸ் என்பவர் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துக் காடுகளுக்கு வந்துபோகிறவர்களிடம் இப்படி விசாரித்தார். இந்த முறை உலகப் பிரசித்தி பெற்றது 1989ல் நடந்த ஒரு விபத்துக்குப் பிறகுதான். அந்த ஆண்டு மார்ச் 24ந் தேதி அலாஸ்கா கடலில் எக்ஸான் வால்டெஸ் என்ற எண்ணெய்க் கப்பல் பாறையில் மோதி, சுமார் 1 கோடியே 10 லட்சம் காலன் கச்சா எண்ணெய் கடலில் கொட்டியது. பறவைகளும் கடல் நாய்களும் கூட்டம் கூட்டமாகச் செத்தன. நஷ்ட ஈடு எவ்வளவு என்ற கேள்வி எழுந்தது. மீனவனுக்கு ஏற்பட்ட நஷ்டத்தைக் கணக்கிடலாம். அலாஸ்காவைக் கண்ணாலேயே பார்க்காத ஓர் அமெரிக்கக் குடும்பத்துக்கு, அந்தக் கடல் பாழானதால் உண்டான மனக்குறைக்கு என்ன கணக்கு? ரிச்சர்ட் கார்சன் தலைமையிலான குழு நாடு முழுவதும் வீடு வீடாகக் கேள்வி கேட்டு, குறைந்தபட்சம் 280 கோடி டாலர் என்று மதிப்பிட்டது.

எண்ணெய்க் கம்பெனியார் சும்மா இருப்பார்களா? வாயால் சொன்ன விலை விலையே அல்ல என்று வாதம் புரிந்தார்கள். கடைசியில் அமெரிக்காவின் தேசியக் கடல் வளிமண்டல நிர்வாகம், நோபல் பரிசு பெற்ற கென்னத் ஆரோ, ராபர்ட் சோலோ இருவர் தலைமையில் ஒரு நிபுணர் குழுவை நியமித்தது. 1993ல் அந்தக் குழு, முறையாகக் கேட்டால் இந்தப் பதில்களை நம்பலாம் என்று தீர்ப்பு கூறியது. முறை என்றால் என்ன என்பதையும் எழுதி வைத்தது. நேரில் போய்க் கேட்க வேண்டும். ஓட்டெடுப்பு போல "இவ்வளவு தொகை, சம்மதமா?" என்று கேட்க வேண்டும். குடும்பச் செலவையும் நினைத்துப் பார்க்கும்படி ஞாபகப்படுத்த வேண்டும். "பதில் சொல்ல விரும்பவில்லை" என்பதற்கும் இடம் வைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சம்மதம் என்றாலும் சம்மதமில்லை என்றாலும் ஏன் என்று கேட்டு எழுத வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையில்தான் சாமானியனின் குரல் ஒளிந்திருக்கிறது.

பம்பாயில் கேட்ட கேள்வி

இந்தியாவில் இந்த முறையைக் கையாண்ட ஆரம்ப கால முயற்சிகளில் ஒன்று இதே நகரத்தில்தான் நடந்தது. போரிவிலி தேசியப் பூங்கா என்று பழைய ஆட்கள் சொல்லும் சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா, நகரத்துக்கு நடுவே சுமார் 104 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள காடு. குடிதண்ணீர் தரும் துளசி, விஹார் ஏரிகளும், கன்ஹேரிக் குகைகளும், சிறுத்தைப் புலிகளும், வார்லி ஆதிவாசிகளின் குடியிருப்புகளும் அதற்குள் இருக்கின்றன. இந்தப் பூங்காவைக் காப்பாற்ற மாதம் எவ்வளவு தருவீர்கள் என்று நகரவாசிகளிடம் கேட்டு ஆய்வு நடத்தினார்கள். 1997ல் வெளிவந்த முடிவு: ஒரு குடும்பம் சராசரியாக மாதம் ஏழரை ரூபாய் வீதம் ஐந்து ஆண்டுகளுக்குத் தரச் சம்மதிக்கிறது.

ஏழரை ரூபாய் அற்பம் என்று சிரிப்பதற்கில்லை. லட்சக்கணக்கான குடும்பங்களால் பெருக்கிப் பார்த்தால் அது பெரிய தொகை. பூங்காவுக்கு அதிகப் பணம் ஒதுக்கும்படி சர்க்காரைக் கேட்பதற்கு அது நல்ல ஆயுதம். பணத்தின் பாஷையில் பேசினால்தான் காது கொடுக்கும் அதிகாரிகளுக்கு அந்தப் பாஷையிலேயே சொல்வதில் தவறில்லை.

ஆனால் எந்தச் சராசரிக்குள்ளும் எத்தனை "இல்லை", எத்தனை "வேண்டாம்", எத்தனை "மாட்டேன்" இருக்கின்றன என்பது தெரிந்தால்தான் அதன் முழு அர்த்தம் விளங்கும்.

கேள்வி மாறினால் பதில் மாறும்

எதிர்ப்பு விடை மனிதனின் பிடிவாதத்தால் மட்டும் வருவதில்லை. கேள்வி அமைந்த விதத்தாலும் வருகிறது. இதை விளக்கப் பெரிய படிப்பு வேண்டாம்.

யார் பெயரில் வசூல் என்பது முதல் விஷயம். "புது வரி போடப்படும்" என்று கேள்வித்தாளில் எழுதியிருந்தால், "ஏற்கெனவே கட்டுகிற வரி எங்கே போயிற்று?" என்ற பதில் வரும். தண்ணீர்க் கட்டணத்தோடு சேர்த்து வசூல் என்றால், "குழாயில் முதலில் தண்ணீர் வரட்டும்" என்பார்கள். நன்கொடை என்று கேட்டால் எதிர்ப்பு குறையும். ஆனால் அடுத்த வீட்டுக்காரர் கொடுப்பார் என்று இவரும், இவர் கொடுப்பார் என்று அவரும் ஒதுங்கிக்கொள்ளும் தந்திரம் நுழைந்துவிடும்.

தொகையை எப்படிக் கேட்கிறார்கள் என்பது இரண்டாவது. "எவ்வளவு தருவீர்கள், நீங்களே சொல்லுங்கள்" என்றால் பாதிப் பேருக்குத் திகைப்பு. காட்டை யார் விலை பேசியிருக்கிறார்கள், பழக்கம் வருவதற்கு? ஆகையால் பேசாமல் பூஜ்யம் என்று சொல்லிக் கதவைச் சாத்துகிறார்கள். "மாதம் பத்து ரூபாய், சம்மதமா?" என்று கேட்டால் பதில் சொல்வது சுலபம். ஆனால் வந்தவர் மனம் நோகக் கூடாதென்று தலையாட்டுகிறவர்களும் இதில் அதிகம்.

மூன்றாவது விஷயம்தான் ஆணிவேர். பொருள் யாருடையது என்று கேள்வித்தாள் நினைக்கிறது? "காடு நாசமாகாமல் இருக்க நீங்கள் என்ன தருவீர்கள்?" என்று கேட்டால், நாசம் செய்கிறவனுக்கு அந்த உரிமை இருப்பது போலவும், தடுக்க விரும்புகிறவன் பணம் கட்ட வேண்டும் போலவும் ஆகிறது. "காடு நாசமாவதைப் பொறுத்துக்கொள்ள உங்களுக்கு என்ன தர வேண்டும்?" என்று கேட்டால் உரிமை ஜனங்களுடையது என்று ஆகிறது. 1974ல் ஹாமக், பிரவுன் என்ற இருவர் அமெரிக்காவில் காட்டு வாத்து வேட்டைக்காரர்களிடம் இரண்டு விதமாகவும் கேட்டார்கள். வேட்டை உரிமையைக் காத்துக்கொள்ள ஒரு பருவத்துக்கு 247 டாலர் தரத் தயார் என்றார்கள். அதே உரிமையை விட்டுக்கொடுக்க 1,044 டாலர் வேண்டும் என்றார்கள். வாத்தும் அதே, வேட்டைக்காரனும் அதே. கேள்விதான் வேறு.

1993ன் நிபுணர் குழு, தொகை மிகையாகிவிடக் கூடாது என்ற எச்சரிக்கையால், "என்ன தருவீர்கள்" என்ற முதல் விதத்தையே சிபாரிசு செய்தது. கணக்கின் கண்ணோட்டத்தில் அது நியாயமாக இருக்கலாம். ஆனால் "எண்ணெய் கொட்டியவன் கட்டட்டும், நான் ஏன் கட்ட வேண்டும்?" என்று ஒருவர் கேட்டால் அவரைக் கணக்குத் தெரியாதவர் என்று சொல்ல முடியாது. கேள்விக்குள் மறைந்திருக்கும் அநியாயத்தைக் கண்டுகொண்டவர் அவர்.

நூறு வீட்டுக் கணக்கு

ஒரு சிறு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு பேட்டையில் நூறு வீடுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது வீட்டார் மாதம் பத்து ரூபாய் தருகிறோம் என்கிறார்கள். இருபது வீட்டார் வசதியில்லை அல்லது அக்கறையில்லை என்கிறார்கள். மீதி நாற்பது வீட்டார், "காட்டின் மேல் ஆசை உண்டு, ஆனால் இந்த ஏற்பாட்டின் மேல் நம்பிக்கை இல்லை, தரமாட்டோம்" என்கிறார்கள்.

மறுத்தவர்களையும் பூஜ்யமாகச் சேர்த்தால் மொத்தம் 400 ரூபாய், வீட்டுக்குச் சராசரி 4 ரூபாய். மறுத்தவர்களை நீக்கிவிட்டால் அதே 400 ரூபாயை 60 வீட்டுக்குப் பங்கிட வேண்டும். சராசரி 6 ரூபாய் 67 பைசா. அந்த நாற்பது வீட்டாருக்கும் நம்பிக்கை தரும் ஏற்பாடு ஒன்றைக் காட்டி, அவர்களும் பத்து ரூபாய்க்கு ஒப்புக்கொண்டால் மொத்தம் 800 ரூபாய், சராசரி 8 ரூபாய்.

பேட்டை ஒன்று, காடு ஒன்று, மதிப்பு மட்டும் மூன்று. எது சரி? எந்த எண்ணையும் தனியே நிறுத்திப் பார்த்தால் சரியல்ல. "நூற்றில் நாற்பது பேர் இந்த ஏற்பாட்டை ஒப்பவில்லை" என்ற செய்தி அந்த மூன்றிலும் இல்லை. ஆட்சியாளர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி அதுதானே!

வந்தேறிகளின் மௌனம்

பிழைக்க வந்த ஊரில் ஒருவன் கேள்வித்தாளோடு கதவைத் தட்டினால் என்ன நடக்கிறது என்பது தமிழர்களுக்குத் தெரியும். "அண்ணாச்சி, யாரோ சர்வே எடுக்க வந்திருக்கான், என்ன சொல்ல?" என்று பக்கத்து வீட்டில் கேட்பார்கள். "ஒண்ணும் சொல்லாத, தெரியாதுன்னு சொல்லி அனுப்பு" என்று பதில் வரும். இது அறியாமை அல்ல, அனுபவம்.

1960களின் கடைசியில் தென்னாட்டார் வெளியேற வேண்டும் என்ற கூச்சலைக் கேட்டவர்கள் அவர்கள். 1976ல் குடிசைகளைக் கணக்கெடுத்து போட்டோ பாஸ் கொடுத்தார்கள். அந்தக் காகிதத் துண்டு இருந்தவனுக்கு ஒரு நியாயம், இல்லாதவனுக்கு வேறு நியாயம் ஆயிற்று. 1981ல் நடைபாதைவாசிகளை அகற்றியபோது, சேலத்திலிருந்து பிழைக்க வந்த ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பத்தைப் பஸ்ஸில் ஏற்றி ஊருக்கு அனுப்பியதும், அவர் திரும்பி வந்து வழக்கில் மனுதாரரானதும், 1985ல் உச்ச நீதிமன்றம் அளித்த ஓல்கா டெல்லிஸ் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. 2024ல் தாராவியில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியபோதும் எதிர்ப்பு எழுந்தது. எழுதிக்கொண்டு போகிறவனின் பேனா எதற்கு என்று தெரியாதபோது வாய் மூடிக்கொள்வதே புத்திசாலித்தனம் என்று இந்த ஜனங்கள் கற்றிருக்கிறார்கள்.

ஆகவே இவர்களிடம் காட்டைப் பற்றிக் கேட்டு, பூஜ்யம் என்ற பதில் வந்தால், இவர்களுக்குக் காட்டின் மேல் மதிப்பில்லை என்று எழுதுவது பெரும் பிழை. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அழைத்துக்கொண்டு, கட்டுச்சோறு கட்டிக்கொண்டு, போரிவிலிக்கு ரயில் ஏறுகிறவர்களில் இவர்களும் உண்டு. பத்துக்குப் பத்து அறையில் குடியிருப்பவனுக்குப் பச்சை மரத்தின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்தப் பூங்காவின் இன்னொரு பக்கத்தையும் மறக்கக் கூடாது. ஏழரை ரூபாய் ஆய்வு வெளிவந்த அதே 1997ல், பூங்கா எல்லைக்குள் இருந்த குடிசைகளை அகற்றும்படி பம்பாய் உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. 1995 ஜனவரி 1ந் தேதிக்கு முன்பே வாக்காளர் பட்டியலில் இருந்தவர்களுக்கு மட்டும் மாற்று இடம். அதற்கும் அவர்கள் 7,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. ஆய்வுக்கும் வழக்குக்கும் தொடர்பு இல்லை என்பது உண்மை. ஆனாலும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று விளங்குகிறது. காட்டுக்கு வெளியே இருந்தவரிடம் "என்ன தருவீர்கள்?" என்று மரியாதையாகக் கேட்டார்கள். உள்ளே இருந்தவன் வீட்டையே கொடுத்தான்; அவன் கொடுத்த விலை எந்தச் சராசரியிலும் சேரவில்லை.

விலையே வேண்டாம் என்பவர்கள்

காட்டுக்கு விலை கேட்பதே பாவம், தாய்க்கு விலை பேசுவதற்கு ஒப்பானது என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்கத் தத்துவ ஆசிரியர் மார்க் சாகாஃப் இதை வேறு விதமாகச் சொல்லி வருகிறார். மனிதன் கடையில் வாடிக்கையாளன், ஓட்டுச்சாவடியில் குடிமகன்; குடிமகனிடம் கேட்க வேண்டியதை வாடிக்கையாளனிடம் கேட்கக் கூடாது என்பது அவர் வாதத்தின் சாரம். இதில் உண்மை இருக்கிறது. பணத்தால் அளந்தால் பணக்காரனின் ஆசை கனமாகவும் ஏழையின் ஆசை லேசாகவும் தெரியும். ஓட்டில் அந்தப் பேதம் இல்லை.

ஆனாலும் விலையே வேண்டாம் என்று ஒதுங்கினால் நடப்பது என்ன? 2002ல் உச்ச நீதிமன்றம், வன நிலத்தை வேறு காரியத்துக்கு எடுத்தால் அதன் நிகர மதிப்பைக் கட்ட வேண்டும் என்று ஆணையிட்டு, ஹெக்டேருக்கு 5.80 லட்சம் முதல் 9.20 லட்சம் ரூபாய் வரை என்று வகுத்தது. பிறகு பேராசிரியை கஞ்சன் சோப்ரா தலைமையிலான குழு கணக்கீட்டு முறையை ஆராய்ந்தது. 2008லும் 2022லும் தொகைகள் திருத்தப்பட்டன. அதற்கு முன்பு வெட்டப்பட்ட காடுகளுக்கு அந்த அளவு கூட வரவில்லை. எண் இல்லாத இடத்தில் அதிகாரி பூஜ்யம் என்று எழுதிக்கொள்கிறார். ஆகவே எண் வேண்டும். ஆனால் எண் மட்டும் போதாது.

செய்ய வேண்டியது என்ன?

முதலாவதாக, எதிர்ப்பு விடைகளை நீக்குவதானால் எத்தனை பேரை நீக்கினார்கள், அவர்கள் என்ன காரணம் சொன்னார்கள் என்பதைச் சராசரித் தொகையின் பக்கத்திலேயே அச்சிட வேண்டும். பின்னிணைப்பில் புதைக்கக் கூடாது. நீக்கினால் எவ்வளவு, சேர்த்தால் எவ்வளவு என்று இரண்டையும் சொல்ல வேண்டும்.

இரண்டாவதாக, ஊரில் ஊன்றிக் கேட்பதற்கு முன் சிறு அளவில் கேட்டுப் பார்க்க வேண்டும். வரி என்றால் கோபம், நம்பிக்கை நிதி என்றால் ஆதரவு என்று தெரிந்தால் கேள்வித்தாளைத் திருத்த வேண்டும். பணப் புழக்கம் குறைந்த இடத்தில் பணத்துக்குப் பதில் எத்தனை நாள் உழைப்பு தருவீர்கள் என்று கேட்கலாம். எத்தியோப்பியா போன்ற நாடுகளில் அப்படிக் கேட்டிருக்கிறார்கள். கையில் காசில்லாதவனும் தோளில் வலுவுள்ளவன் அல்லவா?

மூன்றாவதாக, பாழாக்கியவனிடம் முதலில் என்ன வசூலிக்கப் போகிறார்கள் என்பதைக் கேள்வித்தாளிலேயே சொல்ல வேண்டும். ஆலை முதலாளி ஒரு பைசா கட்டாமல் தப்பும்போது அடுத்த தெருக் குமாஸ்தாவிடம் பத்து ரூபாய் கேட்டால் "மாட்டேன்" என்பதே நியாயமான பதில்.

நான்காவதாக, அவரவர் பாஷையில் கேட்க வேண்டும். தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தமிழில் கேட்டால் ஒரு பதில்; புரிந்தும் புரியாத பாஷையில் கேட்டால் தலையாட்டல் மட்டுமே. பெயரும் விலாசமும் எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்பதைக் கேள்விக்கு முன்பே எழுத்தில் கொடுக்க வேண்டும். வீட்டைக் காலி செய்யும் பட்டியலுக்கு அது போகாது என்ற உறுதி இல்லாமல் எந்தக் குடிசைக்காரனும் வாய் திறக்கமாட்டான்.

ஜனங்களின் பக்கத்திலும் ஒரு கடமை உண்டு. கேள்வி கேட்க வருகிறவனைத் துரத்திவிட்டால், பேசினவர்களின் பதில்தான் ஊரின் பதிலாகிவிடும். கதவைச் சாத்துவதைவிட, "தரமாட்டேன், காரணம் இது, எழுதிக்கொள்" என்று சொல்வது மேல். எழுதினானா என்று எட்டிப் பார்ப்பது அதனினும் மேல்.

ஆளும் கூட்டத்துக்கு மௌனத்தை எப்படி வேண்டுமானாலும் அர்த்தப்படுத்திக்கொள்ள முடியும். எழுத்தில் பதிவான மறுப்பை அப்படிச் செய்வது கஷ்டம். "இல்லை" என்பவனுக்கு இரக்கம் காட்டட்டும். "வேண்டாம்" என்பவனை விட்டுவிடட்டும். "மாட்டேன்" என்பவனிடம் மட்டும் உட்கார்ந்து பேசியே ஆக வேண்டும். காட்டின் உண்மையான விலையை அவனிடம்தான் தெரிந்துகொள்ள முடியும்.